டேஷ்போர்டில் ஒட்டிய சிலுவை

என் இடது கண் இப்போது அக்ரிலிக்கில் செய்தது. வலது கண்ணைப் பார்த்துப் பார்த்து நிறம் தீட்டினார்கள். தீட்டியவர் பெரிய கலைஞர், ஒரிஜினலைவிட இது கொஞ்சம் அழகாகவே இருக்கிறது. பழைய கண் எப்போதும் தூக்கக் கலக்கத்தில் கிடக்கும். இது எந்நேரமும் விழிப்பாகக் கடைசி பெஞ்சைக் கவனித்துக்கொண்டிருக்கிறது. சேலையூரில் ஒரு பள்ளியில் நான் உயிரியல் வாத்தியார். 'கண்ணின் குறுக்குவெட்டுத் தோற்றம், படம் வரைந்து பாகங்களைக் குறி' என்று வருடாவருடம் கேட்டுப் பிள்ளைகளை வதைத்தவன். இப்போது அந்தப் பாடம் வந்தால் வகுப்பே என் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொள்கிறது. நானே ஜோக்கடித்தால்தான் நிமிர்கிறார்கள்.

கார் வைத்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். காரின் முன்பக்கத்தில் எதையாவது ஒட்டி வைத்திருப்பவர்களுக்காகக் குறிப்பாக. அவர்கள் எந்த மதமானாலும் சரி, இரட்டைப் பக்க டேப்புக்கு மதம் கிடையாது.

கார் என்னுடையது இல்லை. என் மனைவி எஸ்தரின் தம்பி ரூபனுடையது. அம்மா அப்பா சீக்கிரமே போய்விட்டதால் அவனுக்கு அக்காதான் எல்லாம். கல்யாணத்தன்று பெண்ணைக் கொடுத்தார்கள், கூடவே அரை டிரவுசரில் ஒரு மச்சானையும் கொடுத்தார்கள். அவன் வளர்ந்து, சிறுசேரியில் வேலைக்குப் போய், இரண்டே கதவுள்ள மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழையதாக வாங்கி வந்தான். அதில் 'ஏறினேன்' என்று சொல்வது தவறு, இறங்கத்தான் வேண்டும். கோயில் விருந்தில் பாயில் உட்காருவதுபோலக் கையை ஊன்றி, முழங்காலிடம் மன்னிப்புக் கேட்டு உட்கார வேண்டும். ஊரப்பாக்கத்தில் எங்கள் தெரு வேகத்தடைகளில் அதன் வயிறு உரசும். எடை குறையட்டுமென்று ஒவ்வொரு தடைக்கும் நான் இறங்கி நடப்பேன். இருநூற்று ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகக்கூடிய காரோடு ரயில்வே ஸ்டேஷன்வரை நடந்தே போன ஆள் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பாதுகாப்பு பற்றிக் கேட்டால் ரூபன் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பான். "அஞ்சு ஸ்டார் அத்தான். ஆறு ஏர்பேக். சறுக்குனா அதுவே பிரேக் போட்டு நேராக்கிக்கும். செவுத்துல மோதுனாலும் கதவத் தொறந்து நடந்து வரலாம்."

வாங்கிய வண்டிக்கு ஆயர் ஐயா வந்து பானெட்டில் கை வைத்து ஜெபம் செய்தார். சாவி முதலில் அவர் கைக்குப் போய், பிறகுதான் ரூபன் கைக்கு வந்தது. ஜெபம் முடிந்ததும் எஸ்தர் தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கிய உள்ளங்கை அளவுப் பித்தளைச் சிலுவை ஒன்றைக் கைப்பையிலிருந்து எடுத்தாள். ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையின் முன்னால், டேஷ்போர்டின் நடுவில் அழுத்தி ஒட்டினாள். அந்த இடத்தில் மேடாகச் சில எழுத்துகள் இருந்தன. அவை 'ஏர்பேக்' என்று சொல்லின. சிலுவை அவற்றைச் சரியாக மறைத்தது.

இனி, விபத்து. ஒரு சனிக்கிழமை காலை வெளிவட்டச் சாலையில் என்னை அழைத்துப் போனான். சாலை காலியாக இருந்தது. அந்தக் காரில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால், சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலையில் பாதியைக் கார் ஓட்டுபவரிடம் ஒப்படைத்துவிடும். ரூபன் அழுத்தினான். நான் மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஞானப்பாட்டையெல்லாம் சுருதியில்லாமல் பாடினேன். அவன் சிரித்தான். எதிர்த் திசையில் தவறான பக்கத்தில் ஒரு மொபெட் வந்தது. அவன் ஒடித்தான். கார் பம்பரமாகச் சுற்றி, நடுவில் இருந்த கான்கிரீட் தடுப்பில் முகத்தை மோதியது.

மொபெட்காரர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். நல்லவேளை, அவர் மேல் ஒரு கீறல்கூட இல்லை. கார் எழுத்துப் பிசகாமல் தன் கடமையைச் செய்தது. பெல்ட் இழுத்துப் பிடித்தது, கூடு நசுங்கவில்லை, பைகள் விரிந்தன. ரூபனுக்குப் பெல்ட் அழுத்தியதில் தோள்பக்கம் காரையெலும்பில் விரிசல், அவ்வளவுதான். எனக்கும் அவ்வளவோடு போயிருக்க வேண்டும்.

கண்ணை ஏதாவது நெருங்கினால் நம்மைக் கேட்காமலே இமை மூடிக்கொள்ளும். அனிச்சைச் செயல், இரண்டு மதிப்பெண். ஆனால் ஏர்பேக் அதைவிட வேகம். இமை மூடுவதற்குள் முழுதாக விரிந்துவிடும், அதுதான் அதன் பெருமை. அது வெளியே வர டேஷ்போர்டில் உள்ள மூடியைக் கிழித்துக்கொண்டு வரும். அந்த மூடியின் மேல் என்ன இருந்தாலும் அதை எறிந்துவிட்டுத்தான் வரும். என் இமைக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு மருத்துவமனையில் முதலுதவி, அங்கிருந்து கண் மருத்துவமனை. அந்த ஸ்ட்ரெச்சரில் கிடந்தபோது வலி என்று பெரிதாக எதுவும் தெரியவில்லை. கன்னத்தில் வெதுவெதுப்பாக ஏதோ வழிந்தது, அது கண்ணீராகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். கண்ணுக்குள் உலோகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. கூடாதாம், அந்தக் காந்தம் இரும்பைப் பிடித்து இழுக்கும். டாக்டர் ஓர் அம்மா, என் வயதுதான் இருக்கும். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, கையில் தூளிக்கட்டோடு நின்ற ரூபனிடம் கேட்டார்.

"உள்ள ஒரு மெட்டல் பீஸ் இருக்கு. என்ன மெட்டல்னு தெரியுமா? இரும்பா, அலுமினியமா? செம்பு கலந்ததா இருந்தா கண்ணுக்குள்ள விஷம், உடனே எடுக்கணும்."

ரூபன் என் பக்கம் பார்த்தான்.

"பித்தளை மேடம்."

"கார்ல பித்தளை எங்கிருந்து வந்துச்சு?"

"எங்கக்கா ஒட்டுன சிலுவை."

டாக்டர் ஸ்கேனைக் கீழே வைத்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "அது இல்லன்னா இவருக்கு ஒரு சிராய்ப்போட போயிருக்கும்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

எஸ்தர் வந்து சேர இன்னும் நேரம் இருந்தது. ரூபன் என் ஸ்ட்ரெச்சர் பக்கம் குனிந்தான். "அத்தான், கேக்குதா? அக்காட்ட சொல்லிடாதீங்க. கார் ஒடஞ்ச துண்டுன்னு சொல்லிக்கலாம். என்னைத் திட்டட்டும், அடிக்கட்டும். இது மட்டும் தெரியவேணாம்."

சரி என்று தலையை ஆட்டினேன். ஆட்டாதே என்று நர்ஸ் அதட்டினார்.

நடந்தது என்ன என்று எளிமையாகச் சொல்லிவிடுகிறேன். கண் என்பது ஒரு திராட்சைப் பழம். தோல் கிழிந்தால் உள்ளே இருக்கும் பசை வெளியே வரும். எனக்குத் தோல் கிழிந்து, பசை பாதி போய், உள்ளே பின்சுவரில் காகிதம் மாதிரி ஒட்டியிருக்கும் விழித்திரையும் உரிந்துவிட்டது. முதல் நாளே துண்டை எடுத்துத் தையல் போட்டார்கள். கட்டைப் பிரித்து டார்ச்சைக் கண்ணருகே பிடித்து, "வெளிச்சம் தெரியுதா?" என்றார் டாக்டர். நான் மாணவனாக இருந்தபோது செய்ததையே செய்தேன், குத்துமதிப்பாக "தெரியுது" என்றேன். "நான் இன்னும் டார்ச்சே போடல சார்" என்றார்.

எடுத்த துண்டை ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, போலீசுக்குக் கொடுக்கும் முன் எனக்குக் காட்டினார்கள். சிலுவையின் இடக்கை.

வார்டில் பக்கத்துக் கட்டில் டில்லி, பல்லாவரத்து வெல்டர். கண்ணில் பொறி பட்டு வந்தவர்.

"இன்னா சார், ஸ்போர்ட்ஸ் காராமே? ஒரே பேஜாரா கீதே. நான் சைக்கிள்ல போய்க்கினே ரெண்டு கண்ணோட கீறேன் பாரு" என்று ஆறுதல் சொன்னார். பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது போல. தன் போர்வையை எடுத்து வந்து, ஏ.சி. காற்று படாமல் என் காலில் சுற்றிவிட்டுப் போனார்.

எஸ்தர் தம்பியோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். "அவன் மூஞ்சிலயே முழிக்கமாட்டேன். அவ்ளோ வேகம் எதுக்கு? அக்கா புருசன் உக்காந்திருக்காருன்னு ஒரு நெனப்பு வேணாம்?" ரூபன் மேலே வர அனுமதியில்லை. எலும்பு விரிசல்விட்ட தோளோடு மருத்துவமனைக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். டில்லியின் மனைவி மூலம் மாதுளை ஜூஸ் அனுப்புவான். எஸ்தர் அதை யார் அனுப்பியது என்று கேட்காமலே எனக்கு ஊற்றிக் கொடுப்பாள். காலை டிபன் கொண்டு வந்தால் எனக்குக் கொடுத்தது போக டப்பாவில் மிச்சம் இருக்கும்.

"ஏங்க, நாலு இட்லி மிஞ்சிடுச்சு. கீழ நாய் ஏதாச்சும் இருந்தா போடச் சொல்லுங்க."

சட்னியும் பொடியும் தனித்தனியே கட்டிய இட்லி. நல்லெண்ணெய் ஊற்றிப் பொடி சாப்பிடும் நாய் எங்கள் குடும்பத்தில் ஒன்றுதான் உண்டு. டில்லியின் மனைவி அதைக் கொண்டுபோய் டீக்கடையில் கொடுத்துவிட்டு வருவாள்.

இன்சூரன்ஸ் அனுமதிக்குக் காத்திருந்த பகல்களில் வார்டே ஒரு பட்டிமன்றம் ஆனது. எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியார் ரஹீம் சார் தினமும் வருவார். "வண்டி நல்ல வண்டிதான் சார், இல்லன்னா ரெண்டு பேரும் இன்னிக்கு இல்ல" என்று யாராவது ஆரம்பித்தால், அவர் சும்மா விடமாட்டார். "ஆறு ஏர்பேக் வச்சது ஆறு மடங்கு வேகமா போறதுக்கா? வண்டிக்கு ஸ்டார் குடுக்கிறானே, ஓட்டுறவனுக்கு எவன் ஸ்டார் குடுக்கிறது?"

நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. இப்போதும் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஒரு பொம்மையை உட்காரவைத்து, காரைச் சுவரில் மோதவிட்டுத்தான் அந்த ஸ்டார்களைக் கொடுக்கிறார்கள். அந்தப் பொம்மையின் முன்னால் டேஷ்போர்டு வெறுமையாக இருக்கும். அதன் மேல் பாசம் வைத்து எதையும் ஒட்டுவதற்கு அந்தப் பொம்மைக்கு யாரும் கிடையாது.

சபைப் பெண்கள் வந்தார்கள். எஸ்தர் ஒவ்வொருவரிடமும் சொன்னாள். "வண்டியப் போய்ப் பாத்தேன் சிஸ்டர். திருமுடிவாக்கத்துல ஒரு ஷெட்டுல போட்டிருக்காங்க. முன்பக்கம் அப்பளமா கெடக்கு. அதுல உயிரோட வந்தாருன்னா சிலுவைதான். கர்த்தர் முன்னாடி நின்னு வாங்கிக்கிட்டார். சிலுவையத் தேடுனேன், கெடைக்கல."

"ஸ்தோத்திரம்" என்றார்கள். ஒரு சிஸ்டர் கேட்டார், "எங்க வீட்டுக்காரர் வண்டிக்கும் அதே மாதிரி ஒண்ணு வாங்கித் தர்றீங்களா?" இன்னொருவரும் கேட்டார். எஸ்தர் கடைக்காரருக்குப் போன் போட்டு, "ஒரு டஜன் எடுத்து வைங்கண்ணே" என்றாள். அடுத்த மாத ஆராதனையில் சாட்சி சொல்வதாக ஆயரிடமும் சொல்லிவிட்டாள். ஆபத்திலிருந்து தப்பியவர்கள் சபை முன் நின்று, கர்த்தர் செய்ததை மைக்கில் சொல்வது எங்கள் வழக்கம்.

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் டாக்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். டாக்டர்கள் உட்கார்ந்தால் எனக்குப் பயம், நின்றபடி சொல்வதெல்லாம் நல்ல செய்திதான்.

"சார், இந்தக் கண்ணுல இனிமே பார்வை வராது. பிரச்சினை இப்ப நல்ல கண்ணப் பத்தினது. கண்ணுக்குள்ள இருக்கிறத உடம்பு அதுவரைக்கும் பார்த்ததே இல்ல. இப்ப கிழிஞ்சு வெளிய வந்ததும், இது யாரோ எதிரின்னு நெனச்சுக்கலாம். அப்புறம் நல்ல கண்ணுலயும் அதே சரக்குதான இருக்கு, அதையும் போய்த் தாக்கும். எல்லாருக்கும் வராது. வந்தா ரெண்டும் போகலாம். அடிபட்ட கண்ண ரெண்டு வாரத்துக்குள்ள எடுத்துட்டா அந்த அபாயம் ரொம்பக் குறையும்."

அடிபட்ட கண்ணுக்காக நல்ல கண் சேர்ந்து வருந்துவதுபோல ஒரு பெயர் அந்த நோய்க்கு உண்டு, பரிவு அழற்சி. இவ்வளவு அழகான பெயரை இவ்வளவு கொடூரமான வியாதிக்கு வைத்தவர் யாரென்று தெரியவில்லை.

எஸ்தர் மறுத்துவிட்டாள். "உயிரக் காப்பாத்துனவர் கண்ணைத் தரமாட்டாரா? பாதி வேல செஞ்சிட்டு விட்டுட்டுப் போறவரா அவர்? எடுக்க வேணாங்க. எனக்கு விசுவாசம் இருக்கு. சாட்சி சொல்றன்னிக்கு நீங்க கண்ணுல கட்டு இல்லாம வந்து நிப்பீங்க."

என் கண், என் கையெழுத்து. போட்டிருக்கலாம். ஆனால் என் வீட்டில் சோபா மாற்றவே அவள் சம்மதம் வேண்டும், கண்ணை எடுக்க வேண்டாமா? மூன்று நாள் சமாளித்துப் பார்த்தேன். ஒரு கண்ணுக்கு மூக்குக்கண்ணாடி பாதி விலைதான் என்றேன். பரீட்சைத் தாள் பாதிதான் திருத்தத் தருவார்கள் என்றேன். அவள் சிரித்தாள், சம்மதிக்கவில்லை. நாள் போய்க்கொண்டிருந்தது. டாக்டர் தினமும் நல்ல கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்க்கும்போது, அவர் உட்காருகிறாரா என்றுதான் நான் பார்ப்பேன். அந்தப் பக்கம், ஒரு டஜன் சிலுவை கடையில் கட்டித் தயாராக இருந்தது.

ரூபனுக்குப் போன் செய்தேன். "டேய், சொல்லப்போறேன்."

"வேணாம் அத்தான். அக்கா தாங்கமாட்டா."

"அவ தாங்கலைன்னா நான் தாங்கிக்குவேன். அந்த சிஸ்டர் வீட்டுக்காரர் கண்ண யாருடா தாங்குறது?"

அவன் அழுதான், தடுக்கவில்லை.

மதியம் அவள் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். தோலை ஒரே சுருளாக எடுப்பாள், அறுந்தால் கோபம் வரும். ஒரு ஜோக்கோடு ஆரம்பிக்கலாமென்று யோசித்தேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றும் வரவில்லை.

"எஸ்தர், கண்ணுலேர்ந்து எடுத்தது கார் துண்டு இல்ல. பித்தளை."

கை நின்றது. அவளுக்கு வேறு எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. ஏர்பேக் எப்படி வரும், மூடி எப்படிக் கிழியும் என்று வாத்தியார் பாணியில் நான் விளக்க ஆரம்பித்ததை அவள் கேட்கவே இல்லை.

"அவன் சொன்னான்" என்றாள். "ஒட்டும்போதே சொன்னான். அக்கா, அங்க வேணாம், கொஞ்சம் தள்ளி ஒட்டேன்னான். நான்தான், கர்த்தருக்கு எடம் ஒதுக்கத் தெரியாதவனுக்குக் கார் எதுக்குடான்னு கேட்டேன்." பிறகு, "ரொம்ப வலிச்சிச்சாங்க?" என்றாள்.

"இல்ல. எறும்பு கடிச்ச மாதிரி."

நான் சொன்ன பொய்களிலேயே மோசமான பொய் அது. அவள் சாத்துக்குடியைத் தட்டில் வைத்துவிட்டு, நர்ஸிடம் போய், "அந்த ஆபரேஷன் பேப்பர் எங்கம்மா?" என்று கேட்டாள். நான் கையெழுத்திட்ட இடத்துக்குக் கீழே அவளும் போட்டாள். பிறகு படியிறங்கிப் போனாள்.

ஜன்னல் வழியே டீக்கடை தெரியும். ரூபன் பெஞ்சிலிருந்து எழுந்தான். அவள் அவனுடைய நல்ல தோளில் கைப்பையால் அடித்தாள். மறுபடி அடித்தாள். மூன்றாவதுமுறை ஓங்கிய கை அப்படியே அவன் தோளில் கிடந்தது. என்ன பேசினார்கள் என்று அவன்தான் பிறகு சொன்னான்.

"சொன்னியே, அப்புறம் ஏன்டா என்னைத் தடுக்கல?"

"நீ சந்தோசமா ஒட்டிட்டிருந்தேக்கா."

அதன்பின் இருவரும் பழியை ஏற்றுக்கொள்ளச் சண்டை போட்டார்கள். ஓட்டலில் பில்லுக்குச் சண்டை போடுவார்களே, நான்தான் கொடுப்பேன் என்று, அப்படி. "நான்தான்டா ஒட்டுனேன்." "நான்தான்க்கா ஓட்டுனேன். மெதுவா போயிருந்தா அந்தப் பையே வெளிய வந்திருக்காது." இரண்டும் உண்மை. போலீஸ் ரூபன்மேல் வழக்குப் போட்டது, லைசென்சை முடக்கினார்கள், எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். ஒட்டியதற்கு எந்தச் சட்டத்திலும் வழக்கில்லை. அதனால் அவள் தண்டனையை அவளே போட்டுக்கொண்டாள்.

கண்ணை எடுத்தார்கள். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, மயக்கத்தில் இருந்தேன். விழித்தபோது ஒருபுறம் எஸ்தர், மறுபுறம் ரூபன். ஒருவன் மறுபுறம் இருக்கிறான் என்பது தலையைத் திருப்பிய பிறகுதான் தெரிந்தது. இனி எல்லாவற்றுக்கும் இப்படித் தலையைத் திருப்ப வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

சாட்சி சொல்ல ஒப்புக்கொண்ட ஞாயிறு வந்தது. "வேணாம், ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடலாம்" என்றேன். அவள் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். மைக்கைக் கையில் வாங்கினாள்.

"எங்க வீட்டுக்காரர் கண்ணு போனதுக்குக் காரணம் நான் கார்ல ஒட்டுன சிலுவை. கர்த்தர் மேல தப்பில்ல. ஒட்டுன எடம் தப்பு. உங்க வண்டில முன்னாடி எது ஒட்டியிருந்தாலும், இன்னிக்கே எடுத்து வீட்டுல வைங்க."

பழக்கத்தில் யாரோ "அல்லேலூயா" என்று தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். ஆராதனை முடிந்ததும் சிலர் வண்டிக்குப் போய் எடுத்தார்கள். சிலர் எடுக்கவில்லை. விசுவாசக் குறைவு என்று ஒருவர் அவள் காதில் விழும்படியே சொன்னார். ரூபன் அவளை ஆட்டோவில் ஏற்றி, கூடவே வந்தான்.

நல்ல கண் இதுவரை நன்றாக இருக்கிறது. மாதம் ஒருமுறை பார்க்கிறார்கள். தூரம் கணிக்க வராது. டீயைத் தம்ளருக்கு வெளியே ஊற்றுகிறேன், தெருவில் தெரியாதவர்களுக்கு மிக அருகில் போய்ச் சிரிக்கிறேன். இதையெல்லாம் வைத்து வீட்டில் நாலு ஜோக் அடிப்பேன். எஸ்தர் சிரிப்பாள். இப்போதெல்லாம் எல்லாவற்றுக்குமே சிரிக்கிறாள், நன்றாயில்லாதவற்றுக்கும். முன்பெல்லாம் அப்படியில்லை.

சோபாவில் அவள் எப்போதும் என் இடப்பக்கம்தான் உட்காருகிறாள். அந்தப் பக்கம் எனக்குத் தெரியாது அல்லவா. டி.வி. ஓடிக்கொண்டிருக்கும்போது அங்கே உட்கார்ந்து அழுகிறாள். நான் திரும்புவதில்லை, டி.வி.யைப் பார்த்துக்கொண்டே கையை மட்டும் அந்தப் பக்கம் நீட்டி வைத்திருப்பேன். சில நாள் பிடித்துக்கொள்வாள். என் காதுகள் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. அவளிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.